5 மணி 29 நிமிடம் 60 நொடி

2017-ஆம் ஆண்டு பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்கழி 17. சிதம்பரம் வீதிகளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவே பூசணிப்பூ வைக்கிற நேரம். புதுடெல்லியில், நாட்டுக்கே மணி சொல்லும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரம் 5 மணி 29 நிமிடம் 59 நொடியைத் தொட்டது. அடுத்து ஐந்தரை ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 5:29:60 என்று, எந்தக் கைக்கடிகாரத்திலும் பார்க்க முடியாத ஒரு நொடி வந்துபோனது. அதற்குப் பிறகுதான் 5:30.

இதன் பெயர் லீப் செகண்ட். நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாள் கூடுவதைப் போல, அவ்வப்போது உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி கூட்டப்படுகிறது. அந்த நொடி உலகம் முழுவதும் ஒரே கணத்தில் விழும். லண்டனில் அப்போது நள்ளிரவு, டோக்கியோவில் காலை 9 மணி, நமக்கு விடியற்காலை ஐந்தரை. கடலூரிலோ சிதம்பரத்திலோ அன்று யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. ஆனால் இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் நிறுவனங்களில் ஒன்றான கிளவுட்ஃப்ளேரின் சர்வர்களில் ஒரு மென்பொருள் அந்த நொடியில் இடறி விழுந்தது.

ஒரு நொடிக்கா இந்தப் பாடு என்று கேட்கத் தோன்றும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் கடலூர் மாவட்டத்து மக்கள் சூரியனோடு 11 நிமிடம் கணக்கு உதைக்கும் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் நூறு வருடத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்துகிறார்கள்.

இந்திய நேரம் என்பது மிர்சாப்பூர் பக்கமாகச் செல்லும் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். 1906 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் தென்னிந்திய ரயில்கள் எல்லாம் சென்னை வானாய்வுக்கூடம் கணித்த மெட்ராஸ் நேரத்தில் ஓடின. அது இன்றைய நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. கடலூர் இருப்பது 79¾ பாகைக்கு அருகில். சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகும். ஆக, கடலூரில் உச்சிப்பொழுது, வருடச் சராசரியில், 12 மணிக்கு அல்ல, 12:11-க்குத்தான் வருகிறது. கிட்டத்தட்ட அரை நாழிகை வித்தியாசம். கடலூரில் உச்சிக்கு வந்த சூரியன் சிதம்பரத்தில் உச்சிக்கு வர இன்னும் 15, 20 நொடி பிடிக்கும்.

காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாக இந்தப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். மூன்று கோயில்களும் 79.69, 79.70 பாகையை ஒட்டியே இருக்கின்றன. அந்தச் சிறு வித்தியாசத்தைக் காலமாக மாற்றினால் ஒன்றரை நொடி வரும். பூமி சுழலும் வேகத்தில் சிதம்பரத்தின் தரை ஒரு நொடிக்கு சுமார் 455 மீட்டர் கிழக்கே நகர்கிறது. கீழவீதிக்கு உச்சிப்பொழுது வந்த ஓரிரு நொடியில் மேலவீதிக்கும் வந்துவிடும். லீப் செகண்ட் சரிசெய்ய முயல்வது இந்த அளவிலான பிழையைத்தான்.

பிழை எங்கிருந்து வருகிறது? 1967 முதல் நொடி என்பது பூமியின் சுழற்சியைப் பார்த்து அளக்கப்படுவதில்லை. சீசியம்-133 அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர எவ்வளவு நேரமாகுமோ, அதுவே ஒரு நொடி. அணு பிசகாது. பூமி பிசகும். நிலவின் இழுப்பில் கடல் நீர் ஏறி இறங்கும் உராய்வில் அதன் சுழற்சி மெல்லத் தளர்கிறது. அதன் உள்ளகத்து உருகிய உலோகமும் துருவத்துப் பனியும் இடம் மாறும்போது வேகம் கொஞ்சம் கூடவும் செய்கிறது. அணு நொடியின் நீளம் 19-ஆம் நூற்றாண்டின் பூமியை ஒட்டி வகுக்கப்பட்டது. அதற்குப் பின் பூமி சற்றே மெதுவாகிவிட்டதால் ஒரு நாளில் ஓரிரு மில்லி நொடி மிஞ்சிவந்தது. மிஞ்சியது சேர்ந்து ஒரு நொடியை நெருங்கும்போது, ஐ.இ.ஆர்.எஸ். என்ற பன்னாட்டு அமைப்பு ஆறு மாதத்துக்கு முன்பே அறிவித்துவிட்டு ஒரு நொடியைச் சேர்க்கச் சொல்கிறது. ஜூன் கடைசி அல்லது டிசம்பர் கடைசி. 1972 முதல் 2016 வரை இப்படி 27 நொடிகள் சேர்ந்தன.

மனிதருக்கு இது போதுமானது. கம்ப்யூட்டருக்குத்தான் தொல்லை.

பெரும்பாலான சர்வர்கள் நேரத்தை மணி, நிமிடமாக வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்ற ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன. யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. இந்தக் கணக்கில் ஒரு நாளுக்கு 86,400 நொடி. கூடாது, குறையாது. 60-ஆவது நொடி என்று ஒன்று வந்தால் அதை எழுத அங்கே இடமே இல்லை. அதனால் லீப் செகண்ட் வரும்போது சர்வர் 59-ஆவது நொடியையே இன்னொரு முறை ஓட்டுகிறது. கடிகாரம் ஒரு நொடி பின்னால் குதிக்கிறது.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு வங்கிக் கணக்கில் 5:29:59.8-க்கு 2,000 ரூபாய் வரவு. அரை நொடி கழித்து அதே கணக்கிலிருந்து 1,500 ரூபாய் எடுக்கப்படுகிறது. இதற்குள் சர்வரின் கடிகாரம் பின்னால் குதித்துவிட்டதால் இரண்டாவது பதிவில் 5:29:59.3 என்று விழுகிறது. நேரப்படி அடுக்கினால் பணம் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டதாகத் தெரியும். இருப்பு இல்லாத கணக்கில் எடுத்ததாக ஏதாவது ஒரு நிரல் முடிவுகட்டும். நல்ல வங்கி மென்பொருள்கள் நேரத்தை மட்டும் நம்பாமல் வரிசை எண் போட்டு இதைத் தவிர்க்கின்றன. எல்லா மென்பொருளும் நல்ல மென்பொருள் அல்ல.

லீப் செகண்டின் வரலாற்றில் மறக்க முடியாத நாள் 2012 ஜூலை 1. அதுவும் நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஐந்தரை. அன்று ரெட்டிட், லிங்க்ட்இன், மொசில்லா என்று பெரிய பெயர்கள் வரிசையாகத் தடுமாறின. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் அப்போது காலை 10 மணி. குவாண்டாஸ் நிறுவனம் பயன்படுத்திய அமேடியஸ் முன்பதிவு அமைப்பு படுத்துவிட, ஊழியர்கள் கையால் எழுதிப் பயணிகளை ஏற்றினார்கள். 400-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

நடந்தது என்ன? உலகின் பெரும்பாலான சர்வர்களை இயக்கும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், கூடுதல் நொடியைத் தன் கடிகாரத்தில் ஒழுங்காகத்தான் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதே கெர்னலுக்குள், “இன்னும் இத்தனை மில்லி நொடியில் என்னை எழுப்பு” என்று கேட்கும் நிரல்களுக்கு அலாரம் வைக்கிற பகுதிக்குச் சேதி போகவில்லை. அது ஒரு நொடி முன்னால் இருந்தது. ஒரு நொடிக்கும் குறைவாக வைத்த அலாரம் எல்லாம், நேரம் எப்போதோ கடந்துவிட்டதென்று வைத்த மாத்திரத்தில் அடித்தன. நிரல் எழுந்தது. செய்ய வேலை இல்லை. மறுபடி படுத்தது. உடனே அலாரம். இப்படி ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை. ஜாவாவில் எழுதிய மென்பொருள்களும் மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களும் ஒரு வேலையும் செய்யாமல் பிராசஸரை முழுக்க விழுங்கின.

ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் என்ற டேட்டா சென்டர் நிறுவனம் அன்று தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: தங்கள் மையங்களின் மின் நுகர்வு திடீரென ஒரு மெகாவாட் அளவுக்கு ஏறிவிட்டது, சர்வர்களைப் பாருங்கள். ஒரு மெகாவாட் என்றால் என்ன என்று நெய்வேலி மின் நிலையங்களை வைத்திருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்றுமே செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்த நிரல்கள் அதைச் சாப்பிட்டன.

தீர்வு சிரிப்பை வரவழைக்கும். சர்வரிடம் இப்போது மணி என்ன என்று கேட்டு, அது சொன்ன மணியையே திரும்ப அதற்கு வைக்க வேண்டும். ஒரே வரி. புதிதாக மணி வைக்கப்பட்டது என்ற சேதி அப்போது உள்ளே எல்லாப் பகுதிக்கும் போய்ச் சேரும். அலாரம் ஓயும். இந்த வரி தெரியாதவர்கள் சர்வரை ரீபூட் செய்தார்கள்.

இத்தனை திறமைசாலிகள் எழுதி, ஆயிரக்கணக்கானோர் சரிபார்த்த கெர்னலில் இது எப்படி ஒளிந்திருந்தது? 1998 டிசம்பருக்குப் பிறகு 2005 டிசம்பர் வரை ஏழு வருடம் லீப் செகண்டே வரவில்லை. இன்றைய இணையத்தின் அடித்தளம் எழுப்பப்பட்ட ஏழு வருடங்கள் அவை. அதற்குப் பிறகு 2008-இல் ஒன்று. அப்போதும் சில லினக்ஸ் சர்வர்கள் உறைந்தன, வேறொரு பிழையால். அதைத் திருத்தி முடித்தால் 2012-இல் புதிது. தினமும் ஓடும் நிரலில் பிழை இருந்தால் மாலைக்குள் தெரிந்துவிடும். மூன்று வருடத்துக்கு ஒரு நொடி மட்டும் ஓடும் நிரலில் இருப்பது, அந்த நொடி வந்தால்தான் தெரியும். லீப் செகண்டின் ஆபத்து அதன் நீளத்தில் இல்லை. அதன் அபூர்வத்தில் இருக்கிறது.

கிளவுட்ஃப்ளேருக்கு 2017-இல் நேர்ந்தது இன்னும் நுணுக்கமானது. இணைய முகவரிகளைத் தேடித் தரும் அதன் மென்பொருள், எந்த சர்வர் வேகமாகப் பதில் சொல்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். பதில் வந்த நேரத்திலிருந்து கேள்வி போன நேரத்தைக் கழிப்பதுதான் அளவு. கேள்வி லீப் செகண்டுக்கு முன்னும் பதில் பின்னும் விழுந்தபோது விடை மைனஸில் வந்தது. அதாவது, கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது! அந்த எண்ணைக் கொண்டு ஒரு சீரற்ற எண்ணை உருவாக்கப் போன, ‘கோ’ என்ற நிரல் மொழியின் செயல்பாடு, மைனஸ் எண்ணை ஏற்க முடியாமல் நிரலையே நிறுத்திவிட்டது. நிரலில் ஒரு சோதனை ஏற்கெனவே இருந்தது: எண் பூச்சியமாக இருந்தால் கவனி. திருத்தம் ஒரே ஒரு எழுத்து: பூச்சியமாகவோ அதற்குக் கீழேயோ இருந்தால் கவனி. உச்சத்தில் தேடல்களில் 0.2 சதவீதம்தான் பாதிக்கப்பட்டது. திருத்தம் எல்லா சர்வர்களுக்கும் போய்ச் சேரும்போது இந்திய நேரம் பகல் 12:15. அந்த வருடமே கோ மொழி, கால அளவுக்கென்று பின்னால் போகவே போகாத தனிக் கடிகாரம் ஒன்றைத் தன் இயல்பிலேயே சேர்த்துக்கொண்டது.

வலைத்தளம் ஒன்று சில மணி நேரம் தடுமாறினால் பெரிய மோசமில்லை. மின்தொகுப்பு அப்படியல்ல. நெய்வேலியின் மின்சாரம் தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் போகிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்ததிலிருந்து தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே துடிப்பில் ஓடுகிறது. குமரி முதல் காஷ்மீர் வரை அத்தனை ஜெனரேட்டர்களும் நொடிக்கு 50 சுழற்சி என்ற ஒரே தாளத்தில். அந்தத் தாளம் எங்கே பிசகுகிறது என்று கண்காணிக்க, முக்கியமான துணைமின் நிலையங்களில் பேசர் அளவிக் கருவிகளை வைக்கிறார்கள். நொடிக்குப் பல தடவை மின்னோட்டத்தின் அலைக் கோணத்தை அளந்து, ஜி.பி.எஸ். நேரத்தை முத்திரையாகக் குத்தி மையத்துக்கு அனுப்பும் கருவிகள் அவை. இரண்டு ஊர்களின் கோணத்தை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே கணத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஒரு கருவி லீப் செகண்டைச் சேர்த்துக்கொண்டு, இன்னொன்று சேர்க்காமல் விட்டால்? அதிர்வெண் அச்சாக 50 ஆக இருந்தால் ஒரு நொடியில் சரியாக 50 சுற்று; கோணம் மாறாது, தப்பித்தோம். ஆனால் தொகுப்பு எப்போதும் 50-இல் நிற்பதில்லை. 49.95-இல் ஓடும் ஒரு சாதாரண காலைப்பொழுதில் ஒரு நொடி பிசகினால், ஒரே கோணத்தில் நிற்கும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 18 பாகை வித்தியாசம் இருப்பதாகத் திரையில் தெரியும். இல்லாத நெருக்கடி ஒன்று இருப்பதுபோல் தோன்றும். அதனால்தான் இந்தக் கருவிகளுக்கான சர்வதேச விதிமுறையில், லீப் செகண்ட் வரப்போகிறது, வந்துவிட்டது என்று அறிவிக்கவே தனி அடையாளக் குறிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 2003 ஆகஸ்ட் 14-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 கோடிப் பேர் இருட்டில் மூழ்கியபோது, எந்தப் பாதை முதலில் அறுந்தது என்று கண்டுபிடிக்க விசாரணைக் குழு திணறியது. பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஜி.பி.எஸ். அமைப்புக்குள் லீப் செகண்டே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கடலூர் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகு நடுக்கடலில் தன் இடத்தை அறிவது, செயற்கைக்கோளின் சிக்னல் எத்தனை நானோ நொடியில் வந்து சேர்ந்தது என்று அளப்பதன் மூலம். அங்கே யாராவது ஒரு நொடியைச் செருகினால் ஒளி மூன்று லட்சம் கிலோமீட்டர் போய்விடும். எனவே 1980 ஜனவரியில் தொடங்கிய நாளிலிருந்து ஜி.பி.எஸ். நேரம் எந்த நொடியையும் சேர்க்காமல் நேரே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று அது உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முன்னால் இருக்கிறது. அந்த 18-ஐக் கழித்துக்கொள் என்ற குறிப்பும் சிக்னலோடு சேர்ந்தே வருகிறது. நம் நாட்டின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக்கும் இதே வழிதான்.

சர்வர்களுக்கும் இப்படி ஒரு நேரான கடிகாரத்தைக் கொடுத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. அரை நூற்றாண்டு மென்பொருளை மாற்றி எழுத யாரும் தயாராக இல்லை. ஆகவே கூகுள் வேறொரு வழி கண்டது. நொடியை ஒரே இடத்தில் செருகாமல் நாள் முழுவதும் பூசி மெழுகிவிடுவது. ஸ்மியர் என்பது அதன் பெயர். 2008-இல் தொடங்கிய வழக்கம்; இன்று 24 மணி நேரம் எடுத்துக்கொள்வது பொது நடைமுறை. 2016 டிசம்பர் 31 இரவு ஏழரைக்குத் தொடங்கி மறுநாள் பிற்பகல் மூன்றரை வரை, 20 மணி நேரம், கூகுளின் கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் அதன் 72,000-இல் ஒரு பங்கு நீட்டி ஓட்டியது. சுமார் 14 மைக்ரோ நொடி. எந்த நிரலுக்கும் உறைக்காத அளவு. 60-ஆவது நொடி வரவே இல்லை, கடிகாரம் பின்னால் குதிக்கவும் இல்லை. முடிவில் ஒரு முழு நொடி சத்தமில்லாமல் உள்ளே போயிருந்தது. அமேசானும் இதே வழியைப் பின்பற்றியது.

அருமையான தந்திரம். ஒரே ஒரு நிபந்தனை: எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஸ்மியர் நடக்கும் நாளின் நடுவில், அதாவது நம் விடியற்காலை ஐந்தரைக்கு, கூகுளின் கடிகாரத்துக்கும் தேசிய ஆய்வகத்தின் கடிகாரத்துக்கும் அரை நொடி வித்தியாசம் இருக்கும். இரண்டிடமும் மணி கேட்கும்படி ஒரு சர்வரை அமைத்து வைத்திருந்தால் அது எதை நம்பும்? வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒரே வீட்டில் இருப்பது மாதிரிதான். 2023-இல் திருக்கணிதப்படி ஜனவரியிலேயே வந்துவிட்ட சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி டிசம்பர் 20-க்குத்தான் வந்தது. எதைப் பின்பற்றினாலும் பரிகாரம் செய்துவிடலாம். காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்த இடத்தில் இந்தியச் சட்டமும் உள்ளே வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் அமைப்பான செர்ட்-இன் ஒரு கட்டளை வெளியிட்டது. நாட்டில் இயங்கும் டேட்டா சென்டர்கள், இணையச் சேவை நிறுவனங்கள், கம்பெனிகள், அரசு அலுவலகங்கள் அனைத்தும் தங்கள் கம்ப்யூட்டர் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். தகவலியல் மையத்தின் அந்த சர்வர்களுக்கு ‘சமய்’ என்றே பெயர். பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனங்கள் வேறு நேர மூலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இந்த இரண்டிலிருந்தும் விலகக் கூடாது என்கிறது கட்டளை. ஸ்மியர் செய்யும் ஒரு மூலம், ஸ்மியர் நாளில், அரை நொடி வரை விலகத்தான் செய்யும். கட்டளை வந்தது 2022-இல். கடைசி லீப் செகண்ட் 2016-இல். இரண்டும் இதுவரை நேருக்கு நேர் சந்தித்ததில்லை என்பதால் இந்த முடிச்சை யாரும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை.

2025 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இன்னொரு படி மேலே போய், நாடு முழுவதும் சட்டப்படியான நேரம் இந்தியத் திட்ட நேரம் ஒன்றே என்று வரைவு விதிகளை வெளியிட்டது. அதற்கான நேரத்தை ஆமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், கவுஹாத்தி ஆகிய ஐந்து ஊர்களின் ஆய்வகங்களிலிருந்து விநியோகிப்பது திட்டம்.

இதெல்லாம் டெல்லிக் கதை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் மூலை அறையில், ஏ.சி. சத்தத்துக்கு நடுவே நான்கைந்து சர்வர்களை வைத்துக்கொண்டிருக்கும் சிஸ்டம் அட்மினுக்கு என்ன வேலை இருக்கிறது? அவ்வளவாக இல்லை என்பதே உண்மை. மாணவர் வருகைப் பதிவுக்கோ தேர்வு முடிவுப் பக்கத்துக்கோ ஒரு நொடி பொருட்டல்ல. ஆனாலும், தன் சர்வர்கள் எல்லாம் எங்கே மணி கேட்கின்றன என்பதை அவர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பல இடங்களில் ஒரு சர்வர் சமய்யிடமும், அடுத்தது கூகுளிடமும், மூன்றாவது இயங்குதளத்தோடு வந்த ஏதோ ஒரு முகவரியிடமும் கேட்டுக்கொண்டிருக்கும். வளாகத்துக்குள் ஒரே ஒரு நேர சர்வரை வைத்து, மற்றவை எல்லாம் அதனிடமே கேட்கும்படி செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஒன்று வெளியே நான்கு மூலங்களிடம் கேட்கட்டும். மூன்று ஒத்துப்போய் ஒன்று மட்டும் உளறினால் உளறுவது எதுவென்று தெரியும். இரண்டே இரண்டு இருந்தால் தெரியாது. நான்கும் ஸ்மியர் செய்பவையாகவோ, நான்கும் செய்யாதவையாகவோ இருக்க வேண்டும்.

நேர சர்வர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதியில் இரண்டு பிட் அளவுக்கு ஒரு குறி உண்டு: இன்றைய கடைசி நிமிடத்தில் 61 நொடி, அல்லது 59 நொடி, அல்லது வழக்கம்போல். இந்தக் குறியைக் கண்மூடி நம்பவும் முடியாது. 2012 ஜூனில் நொடி சேர்ந்த பிறகும் சில நேர சர்வர்கள் குறியை இறக்காமல் விட்டுவிட்டன. அதை நம்பிய சில கணினிகள் ஜூலை 31 அன்று இல்லாத லீப் செகண்டை ஒருமுறை சேர்த்துக்கொண்டு முழித்தன. லீப் செகண்ட்களின் பட்டியல் கோப்பு ஒன்று சர்வருக்குள்ளேயே இருக்கும்; அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. அதை அவ்வப்போது புதுப்பித்து வைத்தால் இந்த ஏமாற்று வேலை நடக்காது. லினக்ஸில் இன்று பரவலாக இருக்கும் குரோனி என்ற நேர மென்பொருளிடம், கூடுதல் நொடியை ஒரே குதியாகச் சேர்க்காமல் மெல்ல மெல்லச் சேர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். விண்டோஸ் சர்வர்கள் 2019 பதிப்புக்கு முன்பு லீப் செகண்டைக் கண்டுகொள்வதே இல்லை. பிறகு எப்போதாவது மணி கேட்கும்போது தானாகத் திருத்திக்கொள்ளும்.

மென்பொருள் எழுதுகிறவருக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரே பாடம், அதையும் கிளவுட்ஃப்ளேர் விலை கொடுத்துக் கற்றுத் தந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கச் சுவர்க் கடிகாரத்தைக் கழிக்காதே. முன்னால் மட்டுமே ஓடும் கடிகாரம் ஒவ்வொரு இயங்குதளத்திலும் இருக்கிறது, அதை எடுத்துக்கொள். லீப் செகண்ட் வரும் நாளில் 5:30-க்கு என்று குறித்துவைக்கும் தானியங்கி வேலைகளை 5:40-க்குத் தள்ளினாலும் ஒன்றும் குடி முழுகாது.

இத்தனைக்கும் நடுவே பூமி தன் பங்குக்கு விளையாடிக்கொண்டிருக்கிறது. சில வருடங்களாக அது மெதுவாவதற்குப் பதில் வேகமெடுத்திருக்கிறது. 2024 ஜூலை 5 அன்று ஒரு நாள் 86,400 நொடியைவிட 1.66 மில்லி நொடி குறைவாக இருந்தது. இந்தப் போக்கு நீடித்தால் ஒரு நொடியைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டிவரும். 5:29:58-க்கு அடுத்து நேராக 5:30:00. அமெரிக்கப் புவியியற்பியலாளர் டங்கன் ஆக்னியூ 2024 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, அது 2029 வாக்கில் தேவைப்படலாம். துருவப் பனி உருகி நீர் நிலநடுக்கோட்டுப் பக்கம் நகர்வதால் பூமி சற்றே மட்டுப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடம் முன்பே வந்திருக்கும் என்கிறார் அவர். நொடியைக் கழிக்கும் நிரல் வரிகள் கெர்னல்களுக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. உண்மையான ஒரு நாளில் அவை ஒருமுறைகூட ஓடியதில்லை. கூட்டுகிற நிரல் பல வாய்ப்புகள் கிடைத்தும் 2012-இல் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை நினைத்தால் தூக்கம் வராது.

இத்தகைய அச்சங்களாலேயே 2022 நவம்பரில் வெர்சாயில் கூடிய எடை, அளவுகளுக்கான பொது மாநாடு, 2035-க்குள் இந்த ஏற்பாட்டை மாற்றுவது என்று முடிவெடுத்தது. சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் இடையே இப்போது அனுமதிக்கப்படும் 0.9 நொடி என்ற எல்லையைப் பெரிதாக்கி, குறைந்தது ஒரு நூற்றாண்டுக்குத் திருத்தமே தேவைப்படாதபடி செய்வது நோக்கம். 2023-இல் துபாயில் கூடிய உலக ரேடியோ மாநாடும் இதை ஏற்றது. லீப் செகண்டைத் தன் செயற்கைக்கோள் அமைப்புக்குள்ளேயே கட்டிவைத்திருக்கும் ரஷ்யா போன்ற நாடுகளின் வசதிக்காக, தேவைப்பட்டால் 2040 வரை இழுக்கலாம் என்ற சலுகையோடு. புதிய எல்லை எவ்வளவு என்பது அந்த மாநாடுகளில் தீர்மானமாகவில்லை. ஒரு நிமிடமாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியே ஆனாலும் சிதம்பரத்தின் உச்சிப்பொழுது 12:11-இலிருந்து 12:12-க்குப் போக ஒரு நூற்றாண்டு ஆகலாம்.

அதுவரை ஐ.இ.ஆர்.எஸ். ஜனவரியில் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாகத் தன் அறிக்கையை அனுப்பிக்கொண்டிருக்கும். 2016 ஜூலை அறிக்கைக்குப் பிறகு வந்தவை எல்லாம் அந்தந்த அரையாண்டின் முடிவில் லீப் செகண்ட் இல்லை என்றே சொல்லிவருகின்றன.